மாம்பழ ஊரும் மாலைக்கண்ணும்!

திண்டுக்கல்னு சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வரும்? பூட்டு, பிரியாணி, மலைக்கோட்டை... சரிதானே? போன மாசம் வரைக்கும் நானும் உங்க கட்சிதான். இப்போ எனக்கு ஒரு வைட்டமின் ஞாபகம் வருது. சிரிக்காம பஸ்ல ஏறுங்க, சொல்றேன்.

காமராஜர் பஸ் ஸ்டாண்டில் நத்தம் பஸ்ஸைப் பிடிக்கணும். வலப்பக்க ஜன்னல் ஸீட் கிடைச்சா அதிர்ஷ்டம். சிறுமலை கூடவே வரும். சாணார்பட்டி, கோபால்பட்டி தாண்டினா மாந்தோப்பும் புளியமரமுமா போய்க்கிட்டே இருக்கும். சீசன்ல பஸ்ஸுக்குள்ளேயே மாம்பழ வாசனை ஆளைத் தூக்கும்.

நத்தத்தில் இறங்கி ஒரு ரவுண்டு வந்தேன். மாம்பழக் கூடை, புளி மூட்டை, டீக்கடை. உலக மருத்துவ இதழ்களில் பேசப்பட்ட ஊர்னு பார்த்தா சத்தியமா நம்ப மாட்டீங்க. 1990-களின் கடைசியில் நத்தம், பக்கத்து வாடிப்பட்டி வட்டாரக் கிராமங்களில் ஒரு பெரிய ஆய்வு நடந்துச்சு. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகமும் கைகோத்த ஆய்வு. டாக்டர் லக்ஷ்மி ரஹ்மத்துல்லா முன்னின்று நடத்தினார். பிறந்த முதல் ரெண்டு நாளில் குழந்தையின் வாயில் சொட்டு மருந்து. பாதிப் பேருக்கு தலா 24,000 யூனிட் வைட்டமின் ஏ, மீதிப் பேருக்கு அது இல்லாத சொட்டு. எது யாருக்குன்னு கொடுத்தவங்களுக்கும் தெரியாது, பெத்தவங்களுக்கும் தெரியாது. மொத்தம் 11,619 குழந்தைகள். 2003-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ரிசல்ட் வந்தது: வைட்டமின் கிடைத்த குழந்தைகளில், ஆறு மாசத்துக்குள் ஏற்படும் மரணம் 23 சதவிகிதம் குறைவு!

இன்னொரு விஷயம்தான் என்னை உலுக்குச்சு. அந்தத் தாய்மார்களில் நூற்றுக்கு சுமார் ஐந்து பேருக்கு கர்ப்ப காலத்தில் மாலைக்கண். மாம்பழத்தில் கொட்டிக் கிடக்கிற சத்து இல்லாமல், மாம்பழ ஊரில்!

திரும்பும்போது கோபால்பட்டியில் இறங்கி அம்மாச்சி வீட்டுக்குப் போனேன். கதையைச் சொன்னதும், "எனக்கும்தான் இருந்துச்சு சாமி" என்றது. எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. இருபது வருஷமா யாரும் சொல்லலையே!

"மூத்தது வயித்துல இருக்கயில, பொழுது சாஞ்சா அடுப்பே தெரியாது. தடவித் தடவித்தான் கஞ்சி காச்சுவேன். ஈரலைச் சுட்டுத் தின்னுன்னாக என் மாமியா. ஈரலுக்குக் காசுக்கு எங்க போறது?"

"மாம்பழம்?"

"கூலிக்குப் பறிக்கிறவுக திங்கிறதுக்கா தோப்பு வச்சிருக்காக?"

அந்த மூத்த குழந்தை நாற்பது நாள் தங்கலை. அதுக்கு வைட்டமின்தான் காரணம்னு நான் சொல்ல வரலை. யாராலயும் சொல்ல முடியாது. ஆனா அம்மாச்சியோட மாமியார் சொன்ன வைத்தியம் இருக்கே... அது பக்கா பயோகெமிஸ்ட்ரி! உடம்பு வைட்டமின் ஏ-வைச் சேமிக்கிற குடோனே ஈரல்தான். அங்கிருந்து ரத்தத்தில் ஒரு புரதம் அதைச் சுமந்து விழித்திரைக்குக் கொண்டுபோகும். விழித்திரைங்கிறது, கரு வளரும்போது மூளையிலிருந்து வெளியே நீண்டு வர்ற ஒரு துண்டு. மூளையோட கிளை ஆபீஸ்னே வைங்களேன். அதில் ஒரு கண்ணுக்குச் சுமார் 12 கோடி குச்சி செல்கள். மங்கலான வெளிச்சத்துக்கு அதுதான் சென்ஸார். ஒவ்வொண்ணிலும் ரொடாப்சின்னு ஒரு புரதம். அதுக்குள்ள வளைஞ்சு உட்கார்ந்திருக்கும் ரெட்டினால், அதாவது வைட்டமின் ஏ-யின் இன்னொரு வடிவம். ஒளி பட்டதும் வளைவு நிமிரும். சுவிட்ச் ஆன்! மூளைக்கு சிக்னல் போகும். இதைக் கண்டுபிடிச்ச வேலைக்குத்தான் ஜார்ஜ் வால்டுக்கு 1967-ல் நோபல். நிமிர்ந்த ரெட்டினாலை உடம்பு திரும்ப வளைச்சு மாட்டும். ஸ்டாக் தீர்ந்துபோனா எதை மாட்டுவது? ராத்திரி அடுப்பு தெரியாது. நான் எலெக்ட்ரானிக்ஸ் மூணாவது வருஷம். சென்ஸார் பத்தி மூணு பேப்பர் எழுதியிருக்கேன். இந்த சென்ஸார் பத்தி அம்மாச்சி சொல்லித்தான் யோசிச்சேன்.

நத்தத்தில் கிடைத்த ரிசல்ட் எல்லா ஊரிலும் கிடைக்கலை. அதையும் சொல்லிடணும். பிறந்த குழந்தைகளுக்கு இதைக் கொடுக்க உலக சுகாதார நிறுவனம் 2011-ல் பரிந்துரைக்கலை. பின்னால் கானா, தான்சானியாவில் பயன் தெரியலை. ஹரியானாவிலும் அடிச்சுச் சொல்லும் அளவுக்கு இல்லை. எல்லா ஆய்வையும் சேர்த்துப் பார்த்தவங்க, தாய்க்கே பற்றாக்குறை இருக்கிற இடங்களில்தான் பலன்னு சொல்றாங்க. யோசிச்சா அது குழந்தையோட கதை இல்லை, தாயோட தட்டு பத்தின கதை. நம்ம நாட்டில் ஒன்பது மாசத்திலிருந்து ஐந்து வயசு வரை குழந்தைகளுக்கு சொட்டு மருந்து உண்டு. அதை விடாதீங்க.

கிளம்பும்போது அம்மாச்சி ஒரு கட்டு முருங்கைக்கீரையைப் பையில் திணிச்சுது. "நல்லெண்ணெய் விட்டு வதக்கச் சொல்லு உங்கம்மாகிட்ட." கீரையில் இருக்கிற பீட்டா கரோட்டின் உடம்பில் ஏற எண்ணெய் வேணும்னு அதுக்கு யார் சொன்னாங்களோ! வாசல் வரை வந்து கேட்டுச்சு: "அந்தச் சொட்டு குடிச்ச பிள்ளைகளுக்கு இப்ப என்ன வயசு இருக்கும்?"

"என்னைவிட அஞ்சாறு வயசு மூத்தவங்க அம்மாச்சி."

கடைசி வெளிச்சத்தில் பஸ் வந்தது. டிக்கெட் கிழிச்ச கண்டக்டர் அண்ணனுக்கு இருபத்தஞ்சு, இருபத்தாறு வயசு இருக்கும். "அண்ணே, உங்களுக்கு எந்த ஊரு?"

"நத்தம் பக்கம்ப்பா. ஏன்?"

"சும்மாண்ணே."

லைட் போடாத பஸ்ஸில், சில்லறையைச் சரியா எண்ணிக் கையில் வெச்சுட்டுப் போனார்.