குறை எங்கே?

குறை கண்டுபிடிப்பதில் நம்மவர்க்குள்ள ஆர்வம் சொல்லித் தெரியவேண்டியதன்று. கவியரங்கிலே குறை, கலியாண வீட்டுச் சாப்பாட்டிலே குறை, பரீட்சை வினாத்தாளிலே குறை. ஆயின், "குறை இருக்கிறது" என்று கூறுவதற்கும் "குறை இன்ன இடத்தில், இன்ன காரணத்தால் இருக்கிறது" என்று கூறுவதற்கும் இடையேயுள்ள தூரம் பெரிது. அத்தூரத்தை ஒருமுறையேனும் நடந்து பார்க்கும் வாய்ப்பு, பழைய கமரா ஒன்றினால் எனக்குக் கிடைத்தது.

கைத்தொலைபேசி ஒவ்வொன்றும் கமராவாகிவிட்ட இக்காலத்திற் படச்சுருள் இட்டுப் படமெடுக்கும் பழங்கமரா எதற்கு என நண்பர்கள் கேட்டனர். ஒரு சுருளில் 36 படங்கள். அச்சுருளின் விலையோ மாணவன் கைக்கு எட்டியும் எட்டாததுமாய் உள்ளது. ஆதலால் ஒவ்வொரு படத்துக்கு முன்னும் ஒரு கணம் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது. அந்த ஒரு கணத்தை விரும்பியே அதனை வாங்கினேன். கொழும்பு புறக்கோட்டையிற் பழைய வானொலிகளும் மணிக்கூடுகளும் விற்கும் சிறிய கடை அது. கமரா 1970களில் யப்பானிற் செய்யப்பட்டது. கடைக்காரர் முதியவர். பின்மூடியைத் திறந்து, வில்லையை மின்விளக்கின் பக்கம் திருப்பி, விசையை அழுத்திக் காட்டினார். ஒளி செவ்வகமாய்ப் பளிச்சிட்டு மறைந்தது. "தம்பி, நம்பிக் கொண்டு போங்கோ, நல்லா வேலை செய்யும்" என்றார்.

முதற்சுருள் கழுவப்பட்டு வந்தபோது பாதிக்கு மேற்பட்ட படங்கள் பழுதாயிருந்தன. விடுதி அறைத் தோழன் அவற்றைக் கண்டதும் தீர்ப்பு வழங்கிவிட்டான். "கிழவன் உன்னை ஏமாத்திப்போட்டான். நாளைக்கே போய்ச் சண்டை பிடிச்சுக் காசை வாங்கு." காசு எனக்குப் பெரிதுதான். ஆயினும் ஒருவரைப் பொய்யர் என்று அவர் கடை வாசலிலே நின்று கூறுவதற்கு முன், அவர் கூறியது பொய்தானா என்று அறிந்துகொள்ளும் கடமை எனக்கிருந்தது. கமராவின் குறை எங்கே என்ற வினா இவ்வாறு ஒரு மனிதரின் நேர்மை பற்றிய வினாவாகவும் மாறிற்று.

இவ்விசாரணையில் எனக்குக் கிடைத்த சாட்சி நெகற்றிவ்தான். அச்சிட்ட படத்தில் ஓரங்கள் வெட்டப்பட்டுவிடும். நெகற்றிவ்வோ எதையும் மறைப்பதில்லை. 35 மில்லிமீற்றர் அகலமான அச்சுருளில் 24 க்கு 36 மில்லிமீற்றர் அளவிற் படம் விழுகிறது. 1925 இல் லைக்கா கமரா சந்தைக்கு வந்த பின்னர் உலகெங்கும் நிலைபெற்ற அளவு இது. படத்துக்கு வெளியே இரு மருங்கும் பற்சக்கரத்துக்கான துளைகளும், படங்களின் இலக்கங்களும் உள்ளன. ஒவ்வோர் இலக்கத்துக்கும் உரிய வேகத்தையும் துவாரத்தையும் இடத்தையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்தேன். இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தபோது, ஒரு குறையென்று எண்ணியது மூன்று குறைகளாகப் பிரிந்தது.

முதலாவது, சில படங்களின் குறுக்கே விழுந்திருந்த கரும்பட்டை. நெகற்றிவ்விற் கறுப்பு என்பது வேண்டாத ஒளி புகுந்ததன் அடையாளம். அப்பட்டை படத்தின் எல்லையோடு நில்லாது துளைகள் உள்ள ஓரம்வரை பரவியிருந்தது. வில்லை வழியே வரும் ஒளி படத்தின் சட்டத்துக்கு அப்பாற் செல்ல முடியாது. ஆகவே இது பின்பக்கத்தால் நுழைந்த ஒளி. பின்மூடியின் கீல் அருகே ஒளியைத் தடுப்பதற்கு ஒட்டப்பட்டிருந்த கரிய நுரைப்பட்டி அரை நூற்றாண்டில் உக்கி, தார்போல் ஒட்டும் பசையாகிவிட்டிருந்தது. அக்காலக் கமராக்கள் பலவற்றுக்கும் பொதுவான நோய் இது. அதனைச் சுரண்டி எடுத்து, பள்ளத்திற் கறுப்புக் கம்பளி நூலைப் பதித்தேன். வேறெதனையும் தொடவில்லை. அடுத்த சுருளிற் பட்டை மறைந்தது. மற்றைய இரு குறைகளும் அப்படியே இருந்தன. ஒரே வேளையில் மூன்றையும் மாற்றியிருந்தால், எது எதனால் நீங்கிற்று என்பதை அறிந்திருக்க முடியாது.

இரண்டாவது, அறைக்குள் எடுத்த படங்கள் யாவும் மெலிந்து மங்கியிருந்தன. வெளியில் எடுத்தவற்றில் அம்மெலிவு இல்லை. குறிப்பேடு காரணத்தைக் காட்டியது. அறைக்குள் கமராவின் ஒளிமானி சொன்னபடி எடுத்திருந்தேன். வெயிலிலோ, 400 வேகச் சுருளுக்குத் துவாரம் 16, வேகம் ஏறத்தாழ 1/400 செக்கன் என்னும் பழைய கைவிதியைப் பின்பற்றியிருந்தேன். எனவே ஐயம் ஒளிமானியின் மீது விழுந்தது. அம்மானி 1.35 வோல்ற் தரும் பாதரச மின்கலத்துக்கென அமைக்கப்பட்டது. பாதரசத்தின் நச்சுத்தன்மை காரணமாக அக்கலங்கள் சந்தையிலிருந்து நீங்கிவிட்டன. கமராவுடன் வந்த புதிய கலமோ 1.5 வோல்ற். கூடுதல் அழுத்தத்தைப் பெற்ற மானி உள்ளதிலும் கூடிய ஒளி இருப்பதாகக் காட்ட, படங்கள் போதிய ஒளியின்றி மெலிந்தன. காது கேளாதோர் அணியும் கருவிக்குரிய துத்தநாக–வளிக் கலம் பழைய அழுத்தத்துக்கு மிக அண்மையானது. அதனை இட்டதும் மானி நேராயிற்று.

மூன்றாவதே என்னை நெடுநாள் அலைக்கழித்தது. வெயிலில் எடுத்த படங்களில் ஒரு பக்கம் சிறிது சிறிதாக இருண்டு, ஓரத்தில் முற்றாக மறைந்திருந்தது. எப்போதும் அதே பக்கம். அறைக்குள் எடுத்த எதிலும் இக்குறை இல்லை. வெயிலா, சுருளா, வில்லையா என ஐயங்கள் எழுந்தன. குறிப்பேட்டை மீண்டும் பார்த்தபோது, குறையுள்ள படங்கள் அனைத்தும் 1/500 அல்லது 1/250 செக்கனிலும், குறையற்றவை 1/30 செக்கனிலும் எடுக்கப்பட்டவை என்பது தெரிந்தது. வெயிலுக்கும் குறைக்கும் நேரடித் தொடர்பில்லை; வெயில் வேகத்தைக் கூட்டச் செய்தது, வேகம் குறையைக் காட்டியது.

இக்கமராவின் ஷட்டர் இரண்டு துணித்திரைகளால் ஆனது. முதலாந்திரை ஓடி ஒளிக்கு வழிவிட, இரண்டாந்திரை பின்னே ஓடி வழியை அடைக்கும். 1/30 செக்கனில் முதலாந்திரை முற்றாக ஓடி முடிந்த பின்னரே இரண்டாவது புறப்படும். இடையே முழுச் சட்டமும் திறந்திருக்கும். 1/500 செக்கனிலோ முதலாவது ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதும் புறப்பட்டுவிடும். இரண்டுக்கும் நடுவே சில மில்லிமீற்றர் அகலமான இடைவெளி மட்டும் படத்தின் குறுக்கே நகர்ந்து செல்லும். பழைய எண்ணெய் தடித்து முதலாந்திரை தளர்ந்தால், இரண்டாவது அதனை எட்டிப் பிடித்துவிடும். எட்டிப் பிடித்த இடத்துக்கு அப்பால் ஒளி இல்லை. மெதுவான வேகத்தில் இந்நோய் ஒருபோதும் வெளிப்படாது.

கடைக்காரர் மின்விளக்கின் முன் அழுத்திக் காட்டியது 1/30 செக்கனில். இருண்ட கடையில் கண்ணுக்குத் தெரிய வேறு வேகம் உதவாது. அவர் கண்டதை அவர் சொன்னார். அவர் சொன்னதில் பொய்யில்லை.

நெகற்றிவ்களையும் கமராவையும் எடுத்துக்கொண்டு மீண்டும் புறக்கோட்டைக்குச் சென்றேன். சண்டைக்கன்று. முதியவர் அவற்றை விளக்கொளியிற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின் கமராவை வாசலுக்குக் கொண்டுவந்து, வேகத்தைக் கூட்டி, வெயிலை நோக்கிப் பின்பக்கத்தால் பார்த்து அழுத்தினார். ஒரு பக்கம் இருண்டது. "என்ர கடைக்குள்ள வெயில் எங்க தம்பி வருது?" என்றார். பணத்தைத் திருப்பித் தரவா, பழுது பார்க்கும் செலவிற் பாதியை ஏற்கவா என்று அவரே கேட்டார். இரண்டாவதற்கு இசைந்தேன். அவருக்குத் தெரிந்த பழைய கைவினைஞர் ஒருவர் தடித்த எண்ணெயைக் கழுவி, திரைகளின் வில்விசையைச் சீர்செய்து தந்தார்.

பல்கலைக்கழகத்தில் நாம் பயிலும் ஆய்வு முறைகள் பல. சான்றுகளைப் பிரித்து நோக்குக, ஒரு வேளையில் ஒன்றையே மாற்றுக, குறை தோன்றும் இடமும் குறை பிறக்கும் இடமும் ஒன்றென்று கொள்ளற்க என்பன விரிவுரைகளிற் கேட்டவையே. அவை நூலகத்துக்கும் ஆய்வுகூடத்துக்கும் உரியவை என்று நாம் ஒதுக்கி வைத்துவிடுகிறோம். ஒருவரைப் பற்றி நாம் கூறும் தீர்ப்புக்கும் அவை வேண்டும். அறைத் தோழன் அரை நிமிடத்தில் அடைந்த முடிவுக்கும் நான் மூன்று சுருள்கள் செலவிட்டு அடைந்த முடிவுக்கும் இடையே இருந்தது ஒரு முதியவரின் நற்பெயர். அதற்கு மூன்று சுருள்கள் அதிக விலையன்று.