உடலும் பரிசுத்தமும்

பரிசுத்தம் என்றதும், உடலை வெறுத்து ஒடுக்கும் துறவியின் உருவமே எம்மிற் பலருக்கு நினைவில் எழுகின்றது. கிறிஸ்தவ மரபில் அத்தகைய துறவிகள் இருந்ததுண்டு. ஆயின், அதே மரபில் மற்றொரு நெறியும் உண்டு. உடல் இறைவன் உறையும் ஆலயம் என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதினார். ஆலயத்தை இடிப்பது பக்தியாகாது; அதனைத் துப்புரவாகப் பேணுவதே பக்தி. இவ்விரண்டாவது நெறியையே இங்கு நாம் சீர்தூக்கிப் பார்க்க விரும்புகின்றோம்.

மெதடிஸ்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி (1703-1791) இந்நெறிக்குச் சிறந்த எடுத்துக்காட்டாவார். அதிகாலை 4 மணிக்கு எழுவது அவரது நெடுங்கால வழக்கம். உழைப்பாளர் வேலைக்குச் செல்லுமுன் கேட்கும் பொருட்டு 5 மணிக்கே பிரசங்கம் செய்தார். 1746 இல் இலண்டனில் ஏழைகளுக்கு இலவச மருந்துச்சாலை திறந்தார். மறு ஆண்டில், வைத்தியருக்குக் கட்டணங் கொடுக்க இயலாதோருக்காகக் கைமருத்துவ நூலொன்றை வெளியிட்டார். அதில் அவர் கூறிய மருந்துகள் பல இன்றைய விஞ்ஞானத்தின் முன் நில்லா. எளிய உணவு, தூய நீர், தேகப்பயிற்சி, காலந் தவறாத உறக்கம் என அவர் வகுத்த ஒழுங்கோ இன்றும் பழுதற்றது. கைந்நடுக்கங் கண்டு 1746 இல் தேநீரையும் கைவிட்டார். அதனால் மிஞ்சும் பணம் ஏழைகளுக்கு உதவும் என்றும் கணக்கிட்டார். உடலைப் பேணுதலும் அயலானைப் பேணுதலும் அவருக்கு ஒரே கடமையின் இரு பக்கங்கள்.

வெஸ்லியைப் பின்பற்றிய மிஷனரிமார் 1814 இல் இலங்கையில் வந்திறங்கினர். மிஷன் விடுதியொன்றில் வளர்ந்த நாம், அவ்வொழுங்கின் நன்மையையும் கடுமையையும் ஒருங்கே அறிவோம். விடியற்காலை மணி, கிணற்றடிக் குளிர்நீர், முற்றம் பெருக்கும் முறை ஆகிய பழக்கங்கள் எம்மை இன்றுவரை தாங்கி நிற்கின்றன. ஆனால், அங்கு சோர்வு பாவமாயிற்று. நோயுங்கூடச் சில வேளை சோம்பலெனக் கருதப்பட்டது. வெஸ்லி 1748 இல் நிறுவிய கிங்ஸ்வூட் பாடசாலையில் விளையாட்டுக்கு நேரமே ஒதுக்கப்படவில்லை. விளையாடாத பிள்ளையின் உடல் எவ்வாறு பேணப்பட்ட உடலாகும்?

ஒழுக்கம் யாருக்குப் பயன்பட்டது என்பதே அதனிலும் பெரிய வினா. நேரந் தவறாது எழும், குடிக்காத, எதிர்த்துப் பேசாத தொழிலாளியை ஆலை முதலாளி பெரிதும் விரும்பினான். மெதடிஸம் ஆலைக்கு வேண்டிய அடக்கத்தையும் கற்பித்தது என ஈ. பி. தொம்சன் 1963 இல் வெளியிட்ட ஆங்கிலத் தொழிலாளர் வர்க்க வரலாற்றில் விரிவாக வாதிட்டுள்ளார். இக்கூற்றை நாம் எளிதில் ஒதுக்கிவிட இயலாது.

எனினும் வரலாறு அத்துடன் முடிவடையவில்லை. இங்கிலாந்தின் டொல்பட்டிலில் வாரக் கூலி 7 ஷில்லிங்காகத் தாழ்ந்து, மேலும் குறையவிருந்த வேளையில் விவசாயக் கூலிகள் சங்கம் அமைத்தனர். அதற்காக 1834 இல் அறுவர் அவுஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்டனர். அவர்களுட் பெரும்பாலோர் மெதடிஸ்தர். தலைவராகிய ஜோர்ஜ் லவ்லெஸ் ஒரு பிரசங்கியார். கூட்டம் நடத்தவும், சொன்ன சொல்லைக் காக்கவும், அச்சமின்றித் துன்பத்தைத் தாங்கவும் சபையிற் பெற்ற பயிற்சி அவர்களுக்குக் கைகொடுத்தது. முதலாளிக்குப் பணிந்து நிற்கப் பயன்பட்ட ஒழுக்கமே, நிமிர்ந்து நிற்கவும் பயன்பட்டது.

ஆசிரியர்களாகிய எமக்கு இதில் ஒரு படிப்பினை உண்டு. மலையகத் தோட்டப் பாடசாலையொன்றிற் கற்பித்த நாட்களில், வெறுந் தேநீர் மட்டும் அருந்தி வந்த பிள்ளைகளுக்குப் பால், முட்டை, கீரை பற்றிய சுகாதார பாடத்தை நடத்தியிருக்கின்றோம். பல குடும்பங்களுக்கு ஒரே குழாய் உள்ள லயத்திற் பிறந்த பிள்ளையிடம் நாள்தோறும் நீராடு என்பது நல்லுரைதான். அக்குழாயை இரண்டாக்கும் போராட்டத்தில் நாம் கலந்துகொள்ளாவிடின் அது வெற்றுரை.

ஏசாயா தீர்க்கதரிசியின் 58 ஆம் அதிகாரம் உபவாசத்தின் உண்மைப் பொருளை நுகத்தடியை முறிப்பதிலும் பசித்தவனோடு உணவைப் பகிர்வதிலும் காண்கின்றது. தன் வயிற்றை அடக்குபவன் பிறர் வயிற்றை நினைக்காவிடின், அவனது நோன்பு வெறும் பட்டினியே. அதேபோல், உலகை மாற்றப் புறப்படுபவன் தன் உடலைக் குடியாலும் கண்விழிப்பாலும் சிதைத்துக்கொள்வானாயின், அவன் தோழர்களுக்குச் சுமையாவான். கட்டுப்பாடு வேண்டும், அது எம் கையில் இருக்கவேண்டும். உழைப்பவனின் உடல் அவனுக்கே உரியதாகும் நாளிலேயே, அது ஆலயம் என்னும் சொல் முழுப்பொருள் பெறும்.