யார் சொல்கிற சொல்

அந்த விரிப்பை அன்னா பில்லர் தன் கையாலேயே பின்னியிருக்கிறார். வட்டத்துக்குள் ஐந்து முனை நட்சத்திரம், மேற்கத்திய மாந்திரீகத்தின் சின்னம். கொக்கி ஊசியால் இழை இழையாகக் கோத்து முடிக்க மாதக்கணக்கில் ஆனதாம். ‘தி லவ் விட்ச்’ (2016) படத்தின் எழுத்து, இயக்கம், படத்தொகுப்பு மட்டுமல்ல, உடைகளும் அரங்கப் பொருள்களும்கூட அவருடைய வேலைதான். முதல் தடவை பார்த்தபோது இது எனக்குத் தெரியாது. தெரிந்த பிறகு மறுபடியும் பார்த்தேன். கதையை விட்டுவிட்டுத் தரையையும் மேசையையும் திரைச்சீலையையுமே பார்த்துக்கொண்டிருந்தேன்.

சின்னப் பணத்தில் எடுக்கப்பட்ட சூனியப் படங்களைச் சில வருடங்களாகத் தேடித் தேடிப் பார்க்கிறேன். பயப்படுவதற்காக அல்ல. பெரிய ஸ்டுடியோ படங்களில் மந்திரம் என்றால் வேடிக்கை. 1996-இல் வந்த ‘தி கிராஃப்ட்’ நல்ல படம்தான். நான்கு பள்ளிப் பெண்களின் தனிமையை அக்கறையோடு சொல்லத் தொடங்குகிறது. விக்கா என்ற நவீன மாந்திரீக நெறியைப் பின்பற்றும் ஒருவரை ஆலோசகராகவும் வைத்துக்கொண்டார்கள். ஆனாலும் முடிவு நெருங்கியதும் வீடு முழுக்கப் பாம்பும் பூச்சியும் நெளிகின்றன. கையில் பணம் இருந்தால் அதைத் திரையில் கொட்டத்தான் தோன்றும். பணம் இல்லாதவர் எதைக் காட்டுவார்? கைகளைக் காட்டுவார். இலையைக் கிள்ளும் கை, மெழுகை உருக்கும் கை, நூலில் முடிச்சுப் போடும் கை.

இன்று தங்களை ‘விட்ச்’ என்று சொல்லிக்கொள்பவர்கள் செய்வதும் பெரும்பாலும் அதுதான். அந்தப் பெயர் வெளிப்படையாகச் சொல்லக்கூடியதாக ஆனதே அண்மைக் காலத்தில். இங்கிலாந்தின் 1735-ஆம் ஆண்டுச் சூனியச் சட்டம் 1951-இல் நீக்கப்பட்டது. மூன்று வருடம் கழித்து ஜெரால்டு கார்ட்னர் என்பவர் சூனியம் பற்றிய தன் புத்தகத்தை வெளியிட்டார். அதிலிருந்து வளர்ந்ததுதான் விக்கா. பருவங்களைக் கொண்டாடுவதும் நிலவைப் பார்த்துச் சடங்கு செய்வதுமான ஒரு வழிபாடு அது. அதில் மின்னலும் இல்லை, பறக்கும் துடைப்பமும் இல்லை. அதனால் ஏழைப் படங்கள்தான் அதற்குப் பக்கத்தில் போகின்றன என்று எனக்குத் தோன்றுகிறது.

பில்லர் படத்தில் ஒரு புட்டி வருகிறது. எலேன் என்ற இளம்பெண் கலிஃபோர்னியாவின் சிறு நகரம் ஒன்றுக்குக் குடிவருகிறாள். தன்னை யாராவது முழுதாக நேசிக்க வேண்டும் என்ற ஒரே ஆசைக்காக மருந்து காய்ச்சுகிறாள். அவள் மருந்தைக் குடித்த பேராசிரியர் ஒருவர் அன்பு தாங்காமல் அழுது புலம்பி இறந்துபோகிறார். அவரைப் புதைத்த இடத்தில் எலேன் ஒரு கண்ணாடிப் புட்டியை வைக்கிறாள். உள்ளே அவளுடைய சிறுநீர், அவள் பயன்படுத்திய மாதவிடாய்ப் பஞ்சு. அந்தக் காட்சியில் நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். இப்படிப் புட்டி புதைப்பது 17-ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் இருந்த வழக்கம். 2004-இல் லண்டனின் கிரீன்விச்சில் மூடி திறக்காத ஒன்றைத் தோண்டி எடுத்தார்கள். சோதித்தபோது சிறுநீர், வளைந்த குண்டூசிகள், ஆணிகள், முடி, நகத்துண்டுகள், கந்தகம், ஆணி குத்திய இதய வடிவத் தோல் எல்லாம் இருந்தன. ஆனால் அந்தப் புட்டிகளைப் புதைத்தவர்கள் சூனியக்காரிகள் அல்ல. சூனியத்துக்குப் பயந்த வீட்டுக்காரர்கள், வைத்தவளுக்கே வினை திரும்பட்டும் என்று அடுப்படியிலும் வாசற்படியிலும் புதைத்தார்கள். தன் இனத்தைத் தாக்கச் செய்த அதே புட்டியை எலேன் கையில் எடுத்து, தன் உடம்பிலிருந்து வந்ததைப் போட்டு நிரப்புகிறாள். எந்தக் கணினி வரைகலையாலும் இந்தக் கனத்தைக் கொண்டுவர முடியாது. அதற்கு ஒரு புட்டியும் கொஞ்சம் துணிச்சலும் போதும்.

இதற்கு நாற்பது வருடங்களுக்கு முன்பே ஜார்ஜ் ரொமேரோ அந்தத் துணிச்சலைக் காட்டியிருந்தார். ‘நைட் ஆஃப் த லிவிங் டெட்’ எடுத்த அதே ரொமேரோ. 1970-களின் தொடக்கத்தில் பிட்ஸ்பர்க் பக்கம், சுமார் 1 லட்சம் டாலரில் எடுத்த படம். எழுத்து, இயக்கம், ஒளிப்பதிவு, படத்தொகுப்பு எல்லாம் அவரே. அவர் வைத்த பெயர் ‘ஜாக்ஸ் வைஃப்’, அதாவது ஜாக்கின் மனைவி. விநியோகித்தவர்கள் படத்தை வெட்டி, ‘ஹங்ரி வைவ்ஸ்’ என்று பெயரையும் மாற்றி, ஆபாசப் படம்போல விளம்பரம் செய்தார்கள். பின்னாளில் ‘சீசன் ஆஃப் த விட்ச்’ ஆனது. அந்தப் படத்துக்கு நேர்ந்த அநியாயத்தை நினைத்தால் இன்றும் எனக்கு ஆறவில்லை. அதில் இருப்பதெல்லாம் ஒரு குடும்பப் பெண்ணின் மூச்சுத்திணறல்தான்.

தொடக்கத்தில் ஒரு கனவு. காட்டுப்பாதையில் கணவன் செய்தித்தாளைப் படித்துக்கொண்டே முன்னால் நடக்கிறான். அவன் விலக்கிவிடும் கிளைகள் ஒவ்வொன்றும் திரும்பி வந்து, பின்னால் வரும் மனைவி ஜோனின் முகத்தில் அடிக்கின்றன. அவன் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பிறகு அவள் கழுத்தில் நாய்ப்பட்டை மாட்டிக் கூண்டில் கொண்டுபோய் விடுகிறான். ஒரு காடு, ஒரு நாளிதழ், ஒரு பட்டை, இவ்வளவுதான் செலவு. இப்படிப்பட்டவள் அக்கம்பக்கத்துப் பெண் ஒருத்தி வழியாக மாந்திரீகத்துக்குப் போகிறாள். சடங்குக்கு வேண்டியதைக் கடையில் போய் வாங்கிவந்து வீட்டில் பரப்பி வைத்து மந்திரம் சொல்கிறாள். மந்திரம் பலித்ததா, அவள் மனம்தான் அப்படி நம்பியதா என்பதைப் படம் சொல்வதே இல்லை. கெட்ட கனவும் நிஜமும் கலந்துபோன ஓர் இரவில், முன்னதாகவே ஊர் திரும்பிய கணவனை யாரோ புகுந்துவிட்டான் என்று நினைத்துச் சுட்டுவிடுகிறாள். சூனியக் கூட்டத்தில் அவளைச் சேர்த்துக்கொள்கிறார்கள். கடைசியில் ஒரு விருந்து. அங்கே ஒருவர் அவளைக் காட்டி, ஜாக்கின் மனைவி என்று அறிமுகப்படுத்துகிறார். ஜாக் செத்தாயிற்று, அவளும் மந்திரக்காரி ஆகிவிட்டாள். இன்னும் அவளுக்குப் பெயர் வரவில்லை. ஜோனாக நடித்த ஜான் வைட்டின் முகத்தைக் காட்டியபடி படம் முடிந்தபோது நான் விளக்கைப் போடவில்லை, கொஞ்ச நேரம் இருட்டிலேயே இருந்தேன்.

நியூயார்க் மாநிலத்து கேட்ஸ்கில் மலைப்பக்கம் ஒரு குடும்பம் கூடி எடுத்த ‘ஹெல்பெண்டர்’ (2021) படத்தையும் சொல்ல வேண்டும். அப்பா ஜான் ஆடம்ஸ், அம்மா டோபி போசர், மகள் ஜெல்டா மூவரின் இயக்கம். இன்னொரு மகள் லுலுவும் நடித்திருக்கிறார். படத்திலும் தாயும் மகளும்தான். உனக்கு நோய் இருக்கிறது, மனிதர்கள் பக்கம் போகாதே என்று மகளைக் காட்டுக்குள்ளேயே வளர்க்கிறாள் தாய். ஒருநாள் விளையாட்டாக உயிருள்ள புழுவை விழுங்குகிறாள் மகள். அதுவரை தழை தின்று வளர்ந்த பெண்ணுக்குள் என்னவோ விழித்துக்கொள்கிறது. தாய் மகளைப் பார்த்து முதன்முறையாகப் பயப்படும் அந்தப் பார்வையில் நடிப்பு எது, நிஜத் தாய் எது என்று பிரிக்க முடியவில்லை.

இந்தப் படங்களின் பெண்கள் எல்லோருக்கும் ஒன்று பொதுவாக இருக்கிறது. சூனியக்காரி என்ற சொல்லை அவர்களே விரும்பி எடுத்துக்கொள்கிறார்கள், அல்லது தங்களுக்குள் கண்டுபிடிக்கிறார்கள். நம் பேச்சில் மந்திரவாதி என்றால் ஓர் ஆண், அவனுக்கு அது தொழில். தட்சிணை வைத்துக் கூப்பிடுவார்கள். சூனியக்காரி என்றால் வசவு.

ஜாம்பியாவில் பிறந்து வேல்ஸில் வளர்ந்த ருங்கானோ நியோனி அந்த மறுபக்கத்தை எடுத்தார். ‘ஐ ஆம் நாட் எ விட்ச்’ (2017). எடுக்கும் முன் கானாவில் சூனியக்காரிகள் என்று ஒதுக்கப்பட்ட பெண்களின் முகாமுக்குப் போயிருக்கிறார். எட்டு, ஒன்பது வயதுச் சிறுமி ஒருத்தி ஊருக்குப் புதிதாக வருகிறாள். அவளைப் பார்த்துத் திடுக்கிட்டுக் குடத்தைத் தவறவிடுகிறாள் ஒருத்தி. அது போதும், புகார் போய்விடுகிறது. முகாமில் ஒவ்வொரு பெண்ணின் முதுகிலும் நீளமான வெள்ளை நாடா. மறுமுனை பெரிய ராட்டையில் சுற்றியிருக்கிறது. நாடாவை அறுத்தால் ஆடாகிவிடுவாய் என்கிறார்கள். வயலில் வேலைக்கு அழைத்துப் போகும்போது ராட்டைகளை லாரியில் ஏற்றுகிறார்கள். நாடா நீளும் தூரம்தான் அவர்கள் உலகம். சுற்றுலாப் பயணிகள் பேருந்தில் வந்து படம் பிடித்துப் போகிறார்கள். சிறுமி தன் பெயரைச் சொல்வதில்லை. ஷூலா என்று மற்றவர்கள் வைக்கிறார்கள். வேரோடு பிடுங்கப்பட்டவள் என்று அதற்குப் பொருள்.

அந்த நாடாக்களைப் பார்த்தபோது எனக்கு அப்பளக்கார அம்மா ஞாபகம் வந்துவிட்டார். எங்கள் தெருக்கோடியில் தனியாக இருந்தவர். உளுந்து மாவை எண்ணெய் தொட்டு உருட்டித் தேய்க்கும்போது அவர் கை பலகையில் வழுக்கிக்கொண்டு ஓடும். ஒவ்வொன்றும் ஒரே அளவாக விழும். பக்கத்து வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் விடாத ஒரு மாதத்தில் அந்தச் சொல் தெருவில் கிளம்பியது. குங்குமம் தடவி அறுத்த எலுமிச்சம்பழத்தை ஒருநாள் அவர் வாசலில் போட்டுவிட்டுப் போயிருந்தார்கள். பள்ளிக்குப் போகிற வழியில் நான் பார்த்தேன். அவர் துடைப்பத்தால் அதை ஓரமாகத் தள்ளி, தண்ணீர் தெளித்து, எப்போதும்போலக் கோலம் போட்டார். பிறகு எங்கள் தெருவில் அவரிடம் அப்பளம் வாங்குவது நின்றுபோனது. நாங்களும் வாங்கவில்லை.

படம் முடிந்த மறுநாள் அம்மாவுக்குப் போன் செய்து அவர் பெயர் என்ன என்று கேட்டேன். அம்மா வெகுநேரம் யோசித்தார். அப்பளக்காரி என்றுதானே சொல்வோம் என்றார். பிறகு, பெயர் இருந்திருக்கும், கேட்டதில்லைடா என்றார்.