நான்காம் நிரல்

கொட்டாஞ்சேனைப் பகுதியிலுள்ள பாடசாலை ஒன்றில் உயர்தர வகுப்பு மாணவருக்குத் தமிழ் கற்பிப்பது எமது தொழில். வெள்ளவத்தையிலே ஓர் அறையை வாடகைக்கு எடுத்துக் குடியிருக்கின்றோம். காலையிற் பஸ் வண்டியில் நின்றபடியே வடக்கு நோக்கிப் போவதும், மாலையில் அவ்வாறே திரும்புவதும் பல ஆண்டு வழக்கம். இடையிலுள்ள தூரம் ஏறத்தாழப் பத்துக் கிலோமீற்றர். ஆயினும், வெள்ளவத்தையில் தமிழ் என்றதும் கொழும்புத் தமிழ்ச் சங்கமும் அதன் நூலகமும் நூல் வெளியீடுகளும் நினைவுக்கு வருகின்றன. கொட்டாஞ்சேனையில் அது துறைமுகத்துக்கும் புறக்கோட்டைக்கும் விடியுமுன் வேலைக்குப் போவோரின் வாயிலே வாழ்கின்றது. இவ்விரண்டையும் இணைக்கும் பணியிலே தான் நாம் இருப்பதாக நெடுநாள் எண்ணியிருந்தோம். அவ்வெண்ணம் எத்துணைப் போலியானது என்பதைச் சென்ற ஆண்டு மாணவி ஒருத்தி எமக்குக் காட்டினாள்.

எமது வகுப்பிலே சுவர்ப் பத்திரிகை ஒன்று நடத்தி வருகின்றோம். ஒரு தவணைக்கு ‘ஈழத்துப் பல்கலைக்கழகத் தமிழாசிரியர்கள்’ என்பதைப் பொருளாகக் கொண்டோம். மாணவர் மனப்பாடம் செய்யும் இலக்கிய வரலாற்றை எழுதியவர்கள் யார், அவர்கள் எங்கே படித்தார்கள், எதனை ஆராய்ந்தார்கள் என்பதை அவர்கள் அறியவேண்டும் என்பது நோக்கம். மாலை வேளைகளில் தமிழ்ச் சங்க நூலகத்தில் இருந்து குறிப்பெடுத்தோம். பெரிய தாளொன்றிலே மூன்று நிரல்கள் வரைந்தோம்: பெயர், பட்டம், ஆய்வுத்துறை.

முதலிலே சுவாமி விபுலாநந்தர். 1892இல் காரைதீவிற் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கப் பண்டிதர் தேர்விலே தேறினார். இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டமும் பெற்றார். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞானம் கற்பித்தார். அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேராசிரியராக இருந்த அவரே, 1942இல் தோன்றிய இலங்கைப் பல்கலைக்கழகத்தில் 1943இல் முதல் தமிழ்ப் பேராசிரியரானார். பழந்தமிழர் யாழை இசையறிவோடு கணித அறிவும் கொண்டு ஆராய்ந்த அவரது ‘யாழ்நூல்’ 1947இல் வெளிவந்தது. அதே ஆண்டு அவர் மறைந்தார்.

அவருக்குப் பின் அப்பதவியை ஏற்றவர் புலோலியைச் சேர்ந்த க. கணபதிப்பிள்ளை. ஏழாம், எட்டாம் நூற்றாண்டுகளின் தமிழ்ச் சாசனங்களில் உள்ள மொழியை ஆராய்ந்து இலண்டனிற் கலாநிதிப் பட்டம் பெற்றவர். பத்துப்பாட்டை ஆராய்ந்து அதே நகரிற் பட்டம் பெற்றவர் சு. வித்தியானந்தன். ‘தமிழ் இலக்கிய வரலாறு’ என்னும் நூலை 1951இல் தந்தவர் வி. செல்வநாயகம். சாசனங்களிலே வாழ்நாளைச் செலவிட்டவர் ஆ. வேலுப்பிள்ளை. கல்வித்துறை விரிவுரையாளராக இருந்து, பின்னர் மலாயாப் பல்கலைக்கழகத்துக்குச் சென்று, 1966இல் கோலாலம்பூரில் முதலாவது உலகத் தமிழ் ஆராய்ச்சி மாநாடு கூடுவதற்கு உழைத்தவர் தனிநாயகம் அடிகள்.

அடுத்த தலைமுறையிலே க. கைலாசபதியும் கா. சிவத்தம்பியும். முன்னவர் 1933இல் கோலாலம்பூரிற் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொழும்பிலும் படித்து, ‘தினகரன்’ பத்திரிகையின் ஆசிரியராக இருந்து பல்கலைக்கழகம் புகுந்தவர். பின்னவர் கரவெட்டியிற் பிறந்து, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியிற் படித்து, அங்கேயே கற்பித்து, பாராளுமன்றத்தில் மொழிபெயர்ப்பாளராகவும் இருந்தவர். இருவரும் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்திலே கிரேக்கப் பேராசிரியர் ஜோர்ஜ் தொம்சனிடம் ஆய்வு செய்தனர். ஒருவர் சங்கப் பாடலை ஹோமரின் பாடலோடு வைத்து வாய்மொழி வீரப்பாடலாகக் கண்டார். மற்றவர் பண்டைத் தமிழ்ச் சமூகத்தில் நாடகம் பெற்ற இடத்தை ஆராய்ந்தார்.

தாள் அழகாகவே அமைந்தது. இலண்டன், பேர்மிங்ஹாம், ஒக்ஸ்போர்ட் என்று இரண்டாம் நிரல் ஒளி வீசியது. மாணவர் சூழ்ந்து நின்று பார்த்தார்கள். அவ்வேளையிலே பின்வரிசையில் நின்ற மாணவி கேட்டாள்:

“சேர், இந்தப் பட்டியல்ல ஒரு பொம்பள கூட இல்லையே?”

நாம் விடை தேடிக்கொண்டிருக்கும்போதே அவள் தொடர்ந்தாள்: “நம்ம பக்கத்து ஆளும் யாரும் இல்ல. இவங்க நம்மளப் பத்தி ஏதாவது ஆராய்ச்சி பண்ணியிருக்காங்களா?”

வகுப்புச் சிரித்தது. நாமும் சிரித்து, அடுத்த பாடத்துக்குப் போய்விட்டோம்.

இவ்விடத்தில் ஒரு வாரத்துக்கு முன் நடந்த சம்பவம் ஒன்றையும் சொல்லவேண்டும். ‘எனது குடும்பம்’ என்னும் கட்டுரையில் அம்மாணவி, “என் அப்பா நாட்டாமை வேலை செய்கிறார்” என்று எழுதியிருந்தாள். சிவப்பு மையினால் ‘நாட்டாமை’ என்பதை வெட்டி, ‘சுமை தூக்கும் தொழிலாளி’ என்று மேலே எழுதினோம். பக்கத்திலே ‘கொச்சைச் சொல் தவிர்க்க’ என்றும் குறித்தோம். கட்டுரையைத் திரும்பப் பெற்றவள் எமது மேசைக்கு வந்து, மிகவும் பணிவாகவே சொன்னாள்: “சேர், எங்க அப்பா சுமை தூக்கும் தொழிலாளி இல்ல, நாட்டாமை.”

அதற்கும் அன்று நாம் விடை சொல்லவில்லை.

அவளுடைய இரண்டு வாக்கியங்களும் ஒன்றாகச் சேர்ந்து அன்றிரவு எம்மை உறங்கவிடவில்லை. தமிழ்நாட்டுச் சிற்றூர்களிலே நாட்டாமை என்றால் ஊர்த் தலைமை; வழக்குத் தீர்ப்பவர். புறக்கோட்டையிலே நாட்டாமை என்றால், பழைய சோனகத் தெருவிலும் நான்காம் குறுக்குத் தெருவிலும் சீனி மூட்டையும் அரிசி மூட்டையும் சுமந்து, கைவண்டி தள்ளிப் பிழைப்பவர். சிங்கள மக்களும் அவரை அப்பெயராலேயே அழைக்கின்றனர். ஊராண்ட பெயர் முதுகொடியச் சுமப்பவனின் பெயராக எவ்வாறு வந்தது? எவரெவர் கடல் கடந்து வந்தனர்? யார் யாரை அவ்வாறு அழைத்தனர்? ஒரு சொல்லுக்குள்ளே இந்நகரத்து உழைப்பாளரின் வரலாறு அடங்கிக் கிடக்கின்றது. நாமோ அதனைக் கொச்சை என்று வெட்டினோம்.

இதிலே எமக்குப் பழைய புண் ஒன்றும் உண்டு. பட்டப்படிப்பின் இறுதியாண்டிலே ஆய்வுக் கட்டுரைக்குப் பொருள் தெரியுமாறு பணித்தபோது, கொழும்புத் துறைமுகத் தொழிலாளரின் பேச்சுத் தமிழைப் பற்றி எழுத விரும்பினோம். பொறுப்பாயிருந்தவர் தாளை ஒரு முறை பார்த்து, “இதிலே தமிழ் எங்கே இருக்கிறது?” என்றார். ஆசிரியப் பதவியும் புள்ளியும் எமக்கு வேண்டியிருந்தன. பொருளை மாற்றிக்கொண்டோம். காப்பியம் ஒன்றின் உவமைகளை எண்ணிக் கணக்கிட்டு நல்ல புள்ளி பெற்றோம். அக்கட்டுரையை அன்று முதல் இன்று வரை நாமே இன்னொரு முறை படித்ததில்லை. எம்மைக் கேட்ட அதே கேள்வியைத்தான் நாம் சிவப்பு மையினால் அம்மாணவியிடம் கேட்டிருக்கின்றோம் என்பது அன்றிரவுதான் விளங்கிற்று.

மறுநாள் மீண்டும் நூலகத்துக்குப் போனோம். இம்முறை பட்டங்களை விட்டு, அவற்றைப் பெற்றவர்கள் பின்னர் என்ன செய்தார்கள் என்று பார்த்தோம். அங்கே வேறொரு பட்டியல் கிடைத்தது.

சாசனத் தமிழில் வல்லவரான கணபதிப்பிள்ளை, தம் ஊர் மக்கள் வடமராட்சியிற் பேசுகின்ற பேச்சை அப்படியே வைத்து நாடகம் எழுதினார். அவருடைய ‘நானாடகம்’ 1940இல் வந்தது. கல்லிலே வெட்டப்பட்ட மொழியும் ஒரு காலத்து மக்களின் மொழியே என்று கண்டவருக்கு, தம் காலத்து மக்களின் மொழி இழிவாகத் தோன்றவில்லை. பத்துப்பாட்டை ஆராய்ந்த வித்தியானந்தன் மட்டக்களப்புக்கும் மன்னாருக்கும் சென்று, அண்ணாவிமாரின் காலடியில் இருந்து கூத்தைக் கற்றார். அவர்களைப் பேராதனைக்கு அழைத்தார். ‘கர்ணன் போர்’ 1962இலும் ‘இராவணேசன்’ 1964இலும் மேடையேறின. ‘அலங்கார ரூபன்’ முதலான கூத்து ஏடுகள் அவரால் அச்சேறின. அக்கூத்துகளிலே மாணவராக ஆடிய சி. மௌனகுரு பின்னர் மட்டக்களப்பு மரபுவழி நாடகத்தையே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்ந்து பேராசிரியரானார். யாழ்ப்பாணத் தமிழை மொழியியல் நோக்கில் ஆராய்ந்த சு. சுசீந்திரராசா, பேச்சிலே சாதி எவ்வாறு ஒளிந்திருக்கின்றது என்பதை 1978இல் எழுதினார். பாடசாலை ஆசிரியராகத் தொடங்கிப் பேராதனைப் பேராசிரியரான எம். ஏ. நுஃமான் இலக்கணத்தைப் பிள்ளைகளுக்கு விளங்குமாறு எழுதினார். பலஸ்தீனக் கவிதைகளைத் தமிழுக்குக் கொணர்ந்தார். ‘சொல்லாத சேதிகள்’ என்னும் பெண்கள் கவிதைத் தொகுப்பை 1986இல் வெளிக்கொணர்ந்தவர் சித்திரலேகா மௌனகுரு, அவரும் பேராசிரியரே. முதற்பட்டியலில் அவர் பெயரை நாம் எழுதாமல் விட்டதற்கு எமது கவனமின்மையன்றி வேறு காரணம் இல்லை.

பேர்மிங்ஹாமில் இருவருக்கும் ஆசானாக இருந்த தொம்சனின் கதையும் இதுவே. இளம் வயதிலே, 1923இல், அவர் அயர்லாந்தின் மேற்குக் கடலிலுள்ள பிளாஸ்கற் தீவுக்குச் சென்றார். அங்கே வாழ்ந்தோர் ஏழை மீனவர். ஆங்கிலம் ஆண்ட நாட்டிலே, பள்ளிக்கூடம் மதியாத ஐரிஷ் மொழியைப் பேசியவர்கள். அவர்கள் அன்றாடப் பேச்சிலே கவிதை பொங்குவதைக் கேட்ட பின்னரே ஹோமர் தமக்கு விளங்கினார் என்று அவர் கருதினார். தீவிலே பழகிய இளைஞன் ஒருவனைத் தன் வரலாற்றை எழுதத் தூண்டி, அந்நூல் 1933இல் வெளிவரத் துணைநின்றார். சங்கப் பாடல்களைப் பாணரின் வாய்மொழியாகக் கண்ட எம் பேராசிரியரின் ஆய்வுக்குப் பின்னே மீனவர் வாழ்ந்த தீவு ஒன்றும் இருக்கின்றது.

இவற்றையெல்லாம் பட்டங்களின் பெருமையைக் குறைத்தற்காக நாம் கூறவில்லை. கல்விப் பயிற்சியின்றி வெறும் அன்பினால் மட்டும் ஆராய்ச்சி நடவாது. சாசனம் வாசிக்கப் பயின்ற கண்ணுக்கே பேச்சு மொழியின் ஒழுங்கும் தெரிந்தது. 1945இல் வந்த இலவசக் கல்வி இல்லையேல் கிராமத்துப் பிள்ளைகள் பலர் பேராதனையைக் கண்டிருக்க மாட்டார்கள். நாமும் ஆசிரியராகியிருக்க மாட்டோம். ஆனால், ஒருவர் எதனை ஆராய்கின்றார் என்பது அவருடைய தனி விருப்பம் மட்டுமன்று. அவர் எங்கிருந்து வந்தார், எவரோடு பேசினார், எவரைக் கேட்கத் தகுந்தவராக மதித்தார் என்பனவும் அதனைத் தீர்மானிக்கின்றன. வடமராட்சியிலிருந்து பேராசிரியர் ஒருவர் வந்தபோது வடமராட்சிப் பேச்சு மேடையேறியது. மட்டக்களப்புக்கு ஒருவர் போனபோது மட்டக்களப்புக் கூத்துப் பல்கலைக்கழகத்துக்கு வந்தது. பெண்கள் விரிவுரையாளரானபோது பெண்களின் எழுத்து ஆய்வுக்குரியதாயிற்று. ஆகவே, அம்மாணவியின் இரண்டு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான். கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னும் பலர் போகவேண்டும். அல்லது கொட்டாஞ்சேனைக்கு எவராவது கேட்க வரவேண்டும்.

கேட்க வருவதற்கு நாம் எங்கும் போகவேண்டியதில்லை. ஒவ்வொரு நாளும் இங்கேதான் வந்துகொண்டிருக்கின்றோம்! ஜம்பட்டா வீதியால் நடந்து பாடசாலைக்குப் போகின்றோம். அதற்கு அண்மையிலே, ஸ்ரீ கதிரேசன் வீதியிலிருந்துதான் பின்னாளிலே டொமினிக் ஜீவா தமது ‘மல்லிகை’யை நடத்தினார். சிகை அலங்காரத் தொழிலாளியாக வாழ்ந்த அவர் 1966இல் யாழ்ப்பாணத்திலே தொடங்கிய சஞ்சிகை அது. பேராசிரியர்கள் அதிலே எழுதினார்கள். பட்டமில்லாத தொழிலாளரும் எழுதினார்கள். பேராசிரியரும் தொழிலாளியும் ஒரே பக்கத்திலே சந்திக்க முடியும் என்பதற்கு அது சான்று.

அடுத்த நாள் தாளை எடுத்து நான்காவது நிரல் ஒன்று வரைந்தோம். அதன் தலைப்பு: ‘யாரிடம் கற்றார்?’ கணபதிப்பிள்ளைக்கு நேரே வடமராட்சி மக்கள் என்றும், வித்தியானந்தனுக்கு நேரே அண்ணாவிமார் என்றும், தொம்சனுக்கு நேரே பிளாஸ்கற் மீனவர் என்றும் மாணவர்களே எழுதினார்கள். சிலருக்கு நேரே இடம் வெறுமையாக இருந்தது. அதனை அப்படியே விட்டோம். பின்னர் அம்மாணவியின் கட்டுரையைக் கேட்டு வாங்கி, எமது சிவப்புத் திருத்தத்தை எல்லார் முன்னிலையிலும் வெட்டி, ‘நாட்டாமை’ என்பதே சரி என்று எழுதிக் கையொப்பமிட்டோம். அவள் ஒன்றும் சொல்லவில்லை. கட்டுரையை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவளுடைய தந்தையார் வேலைத்தலத்திலிருந்தே வந்திருந்தார். மகள் தமிழைச் சிறப்புப் பாடமாகப் படிக்க விரும்புவதை அவர் விரும்பவில்லை. “படிச்சு முடிச்சா என்ன வேலை சேர் கிடைக்கும்?” என்று நேராகவே கேட்டார். ஆசிரியத் தொழில் கிடைக்கலாம் என்றோம். அதுவும் உறுதியில்லை என்பதையும் மறைக்கவில்லை. அரை நூற்றாண்டுக்கு முந்திய பேராசிரியர்களின் பெருமையைச் சொல்லி ஏழைத் தந்தை ஒருவரை ஏமாற்ற எமக்கு உரிமை இல்லை. ஆனால், அவர் தம் தொழிலைப் பற்றிச் சொல்லச் சொல்ல, நாம் குறிப்பேட்டை எடுத்து எழுதத் தொடங்கினோம். மூட்டையை இழுக்கும் கொக்கிக்கு, சும்மாட்டுக்கு, வண்டியின் பாகங்களுக்கு, கூலி பங்கிடும் முறைக்கு என்று அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் சில தமிழ், சில சிங்களம், சில எந்த மொழியென்றே உடனே புலப்படாதவை. “இதெல்லாம் எதுக்கு சேர் எழுதுறீங்க?” என்று வியந்தார். பக்கத்தில் நின்ற மகள் எமக்கு முந்திக்கொண்டு விடை சொன்னாள்: “ஆராய்ச்சி, அப்பா.”

அவர் இன்னும் சம்மதிக்கவில்லை. பரீட்சை முடிந்து பெறுபேறு வரட்டும் என்றிருக்கின்றார். ஆயினும், மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை அவருடைய வீட்டுக்குப் போகின்றோம். அவருடைய தோழர் இருவரும் வருகின்றனர். குறிப்பேட்டிலே இப்போது நூற்றுக்கு மேற்பட்ட சொற்கள் சேர்ந்துள்ளன. எழுதுபவள் அம்மாணவி, நாம் கேட்டுக்கொண்டிருக்கின்றோம்.