ஆச்சியின் ஓலைப்பெட்டி

கொடுத்துச் சிவந்த கரங்கள் என்று வள்ளல்களைப் புகழ்வதுண்டு. என் ஆச்சியின் கரங்கள் கொடுத்துச் சிவந்தவை அல்ல. ஓலை முடைந்து காய்த்தவை. ஒரு கைப்பிடிதான் அவர் செய்த தருமத்தின் அளவு. அந்த ஒரு பிடிக்கு எங்கள் குடும்பம் கொடுத்த விலையை நான் வளர்ந்த பிறகுதான் அறிந்தேன்.

நாசரேத்துக்குத் தெற்கே, தேரி மணலை ஒட்டிய சிற்றூர் ஆச்சியுடையது. தாத்தா பனையேறி. பங்குனி முதல் ஆடி வரை அவர் இறக்கும் பதநீரை ஆச்சி காய்ச்சிக் கருப்பட்டி ஆக்குவார். ஆடி கழிந்தால் பனை ஓய்ந்துவிடும். அடுப்பும் பாதி ஓய்ந்துவிடும். அந்நாளில் அரிசிச் சோறு ஞாயிற்றுக்கிழமைக்கு உரியது. மற்ற நாளெல்லாம் கம்பும் கேழ்வரகுமே.

ஆனாலும் உலை வைக்கும்போதெல்லாம் ஆச்சி கண்மூடி ஜெபித்து, இரண்டு பிடி தானியம் எடுத்து இரண்டு ஓலைப்பெட்டிகளில் போடுவார். முதற்பெட்டி கோயிலுக்கு. பிடி அரிசிக் காணிக்கை திருநெல்வேலிக் கிறிஸ்தவர்களின் பழைய வழக்கம். இரண்டாம் பெட்டி பள்ளிக்கூடத்திற்கு. 1956-இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது, ஊரார் தரும் நன்கொடையை நம்பியே பள்ளிகளில் அடுப்பு மூட்டினார்கள். பின்னர் அரசின் உதவி வந்த போதும் ஊராரின் பங்கு தொடர்ந்தது. ஆச்சியின் பங்கு அந்தப் பெட்டி.

1966-ஆம் ஆண்டின் கார்த்திகை மாதம். மாநிலம் எங்கும் அரிசித் தட்டுப்பாடு. தாத்தா காய்ச்சலில் படுத்திருந்தார். வீட்டில் இரண்டு நாளாய் உலை ஏறவில்லை. ஒன்பது வயதான என் மாமா பசி பொறுக்காமல் ஓலைப்பெட்டியைத் திறந்தார். உள்ளே முக்கால் பெட்டி கம்பு! ஆச்சி ஓடி வந்து கையைப் பிடித்துக் கொண்டார்.

"தொடாதல. அது நம்மது இல்ல."

மறுநாள் நண்பகலில் மாமா பள்ளிப் பந்தியில் அமர்ந்தார். அங்கே அவருக்குச் சோறு கிடைத்தது. ஆனால், பள்ளி செல்லும் வயது வராத மூன்று வயதுத் தங்கை வீட்டில் அழுது கொண்டிருந்தாளே! மாமா தம் பங்கில் பாதியை ஓலைப்பட்டையில் ஏந்தி வந்து அவளுக்கு ஊட்டினார். ஆச்சி அதைப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் முகத்தைத் திருப்பிக் கொண்டார். அந்தத் தங்கைதான் என் தாய்.

ஆச்சி அத்தோடு நிற்கவில்லை. தலைமை ஆசிரியரைப் பார்த்து, பள்ளி வயது வராத பிள்ளைகளையும் பந்தியில் உட்கார வைக்குமாறு மன்றாடினார். கூடுதல் பிள்ளைகளுக்கு ஈடாகத் தாமே விறகு சுமந்தார். வீடு வீடாகப் போய் ஓலைப்பெட்டி முடைந்து கொடுத்தார். 1982 ஜூலை 1-ஆம் நாள் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவுத் திட்டம் தொடங்கி, இரண்டு வயதுக் குழந்தைக்கும் அதில் இடம் உண்டு என்று கேட்டபோது, ஆச்சி கோயிலுக்குப் போய் நெடுநேரம் முழங்காலில் நின்றாராம்.

மாமாவுக்கு மட்டும் மனத்தாங்கல் தீரவே இல்லை. "ஊர்ப் பிள்ளைக்கு வைத்தவள் தன் பிள்ளைக்கு வைக்கவில்லையே" என்பார். ஒருமுறை நான் ஆச்சியிடமே கேட்டுவிட்டேன், அன்று செய்தது சரிதானா என்று. நெடுநேரம் ஓலையைக் கிழித்துக் கொண்டிருந்தார்.

"சரியான்னு தெரியலய்யா. பிள்ள அழுத சத்தம் இன்னும் காதுல கேக்கு. ஆனா, அன்னிக்கு ஒரு பிடி எடுத்திருந்தா மறுநாளும் எடுத்திருப்பேன். பெறவு அது வெறும் பெட்டி."

ஆச்சி மறைந்த பின் ஒருநாள் மாமாவின் வீட்டுக்குச் சென்றேன். அடுப்படியில் ஓர் ஓலைப்பெட்டி இருந்தது. பாதிக்கு மேல் அரிசி. நான் பார்ப்பதைக் கண்ட மாமா, "அசனத்துக்கு" என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே போய்விட்டார்.

நண்பர்களே! குறைந்த கட்டணத்தில் இந்த அரசுக் கல்லூரியில் படிக்கும் நாமும், முகம் தெரியாத யார் யாரோ தம் உலையிலிருந்து எடுத்து வைத்த பிடியில் வளர்ந்தவர்களே. அந்த வீடுகளிலும் ஒரு குழந்தை அழுதிருக்கக் கூடும். அதை மறவாதிருப்போம்.