முத்திரையில் ஒரு கப்பல்

சின்ன வயசில் நான் சேர்த்த முத்திரைகளில் எனக்குப் பிடிச்சது சோவியத் முத்திரை ஒண்டு. பாயெல்லாம் விரிச்சபடி 'அசோவ்' எண்ட ரஷ்யப் போர்க்கப்பல். கனகாலம் கடலாண்ட கப்பல் எண்டுதான் நினைச்சிருந்தன். பிறகுதான் வாசிச்சன்: 1826இல் ஆர்க்காங்கெல்ஸ்க்கில் கடலில் இறக்கி, 1831இல் உடைச்சுப் போட்டாங்கள். ஐந்தே வருசம்.

இடையில், 1827 ஒக்டோபர் 20, கிரேக்கக் கரையில் நவாரினோ சண்டை. ஒட்டோமன், எகிப்தியக் கப்பல்களோடு ரஷ்யா, பிரித்தானியா, பிரான்ஸ் சேர்ந்து மோதின. லாசரெவ் தலைமையில் போன அசோவில் 153 ஓட்டை; 24 பேர் செத்தார்கள்.

ரஷ்யக் கடற்படையில் முதன்முதல் ஜோர்ஜ் கொடி பெற்றது இந்தக் கப்பல்தான். அது அழிந்தபிறகு, கொடி 'அசோவின் நினைவு' எண்ட கப்பலுக்குப் போனது.

முத்திரையில் ஓட்டையும் இல்லை, அந்த 24 பேரும் இல்லை. இப்ப அதைப் பார்க்கேக்க வடிவு மட்டும் தெரியிறேல்லை.