எழுத்துப் பிழையா?

சென்ற மாதம் ஒரு நண்பர் இரவல் கொடுத்த இங்கிலீஷ்ப் புஸ்தகத்தைப் பென்ஸிலும் கையுமாக வாசிக்க உட்கார்ந்தோம். அச்சுப் பிழையைக் கண்டால் ஓரத்தில் குறிக்காமல் விடுவது நமக்கு வழக்கமில்லை. சில பக்கங்களுக்குள்ளேயே பென்ஸில் முனை மழுங்கிவிட்டது. 'அமெரிக்கா' என்ற பெயர் சின்ன எழுத்தில் தொடங்கியது. அதில் 'ஸி' இருக்கவேண்டிய இடத்தில் 'கே' நின்றது. 'கோர்ட்'டுக்கும் அதே கதி. இங்கிலீஷ்காரன் தன்னைச் சொல்லிக்கொள்ளும் 'ஐ'யை எப்போதும் நிமிர்ந்த பெரிய எழுத்தாகவே எழுதுவான் அல்லவா? இந்த அம்மாள் வாக்கியத்தின் நடுவே அதையும் சின்னதாக்கித் தலையில் ஒரு புள்ளியும் வைத்துவிட்டார்! 'கறுப்பர்' என்ற சொல் மட்டும் பெரிய எழுத்தில் கம்பீரமாக நின்றது. அதைக் கண்ட பிறகே பென்ஸிலைக் கீழே வைத்தோம்.

ஆசிரியர் அஸ்ஸாட்டா ஷகூர், 1947-ல் நியூயார்க்கில் பிறந்த கறுப்பர் குலப் பெண்மணி. 1973 மே மாதம் நியூ ஜெர்ஸி நெடுஞ்சாலையில் நிகழ்ந்த துப்பாக்கிச் சண்டையில் ஒரு போலீஸ்காரரும் இவருடைய தோழர் ஒருவரும் மாண்டனர்; இவரும் குண்டடி பட்டார். 1977-ல் வெள்ளையரே நிறைந்த ஜூரி இவரைக் குற்றவாளி என்றது. ஆயுள் தண்டனை கிடைத்தது. 1979-ல் சிறையிலிருந்து தப்பினார். 1984-ல் கியூபா அடைக்கலம் தந்தது. சுயசரிதை 1987-ல் வெளிவந்தது. 2025 செப்டம்பரில் ஹவானாவில் காலமானார். தாம் கொல்லவில்லை என்பதே அவர் கட்சி. மாண்ட போலீஸ்காரருக்கும் குடும்பம் உண்டு. இங்கே நாம் தீர்ப்புக் கூற முன்வரவில்லை.

ஆனால் அந்தக் 'கே' நம்மை விடவில்லை. கறுப்பரை வதைத்த கூ க்ளக்ஸ் க்ளான் 1865-ல் தோன்றிய கூட்டம். அதன் பெயரிலுள்ள மூன்று சொற்களுக்கும் முதலெழுத்து 'கே'தான். கோர்ட்டின் வாசலிலும் தேசத்தின் பெயரிலும் அந்த எழுத்தை நட்டுவிட்டால், வாசிப்பவன் அதைத் தாண்டிப் போக முடியுமா? நமக்கோ பள்ளிக்கூடத்தில் ஒரு ஸ்பெல்லிங் தப்புக்கு ஒரு பிரம்படி. 'ரிஸீவ்' என்ற சொல்லில் 'ஈ' முந்தியா, 'ஐ' முந்தியா என்பதற்காக வாங்கிய அடிகளுக்குக் கணக்கில்லை. அந்த எழுத்து முறை யாருடைய கட்டளை என்று கேட்க அன்று நமக்குத் தோன்றவே இல்லை.

வீட்டாருக்குக் காட்டலாமென்று ஒரு பக்கத்தைத் தமிழாக்க முயன்றோம். நம் 'அமெரிக்கா'வில் மாற்றுவதற்கு 'ஸி' ஏது? சின்ன 'ஐ'யோ இன்னும் பெரிய சங்கடம். தம்மைவிடத் தம் ஜனங்களே பெரிது என்று அவர் அப்படி எழுதினார் போலும் என்பது நம் ஊகம். 'நான்' என்பதைக் குறுக்க நம்மிடம் வழியில்லை. 'அடியேன்' என்று போட்டாலோ, எந்த எஜமானை எதிர்த்து எழுதினாரோ அவனுக்கே கும்பிடு போட்டதாகிவிடும்.

பக்கத்திலிருந்து பார்த்துக்கொண்டிருந்த நம் பெண், "அப்பா, அந்த அம்மாள் தம்மைச் சின்னதாக எழுதிக்கொண்டார். நீங்கள் ஒற்றை ஆள்; 'நாம்', 'நாம்' என்று எழுதுகிறீர்களே?" என்றாள்.

பதில் தோன்றவில்லை. ஓரத்திலிட்ட பென்ஸில் குறிகளையெல்லாம் ரப்பரால் அழித்து, மறுநாள் புஸ்தகத்தைத் திருப்பிக் கொடுத்தோம்.